பார்த்ததா, போட்டதா

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி குடிநீர் ஆய்வகத்தின் வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் புள்ளியம்மா. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி கத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்? "ஊர்ல பெரும்புள்ளிங்க நிறைய உண்டு. தசமப்புள்ளி நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்று குடுவை கழுவுகிறவர் சொல்வார். அது அவள் காதிலும் விழும். கோபம் வராது. உள்ளூரப் பெருமைதான்.

ஆய்வகத்துக்கு இரண்டு மாடி. கீழே மாதிரி பாட்டில்கள் வந்து இறங்கும் ஜன்னல், மேலே கருவிகள். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அளக்கிற கருவி அவள் பொறுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீரைச் சின்னக் கரிக்குழாய்க்குள் விட்டு, பழுக்கச் சுட்டு ஆவியாக்கி, அந்த ஆவி வழியே ஒளியைப் பாய்ச்சினால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் ஈயம் என்று அது சொல்லும். திரையில் ஏழெட்டு இலக்கம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் எத்தனையை நம்பலாம் என்பதைக் கருவி சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் அவளுக்கு ஓர் அடி விழுந்தது. ஒரு சாயத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்று அவள்தான் சோதித்தாள். அப்போது இருந்தது முள் ஆடுகிற பழைய கருவி. முள் காட்டியதைக் கால்குலேட்டரில் வகுத்தாள். அது வாரி வழங்கிய இலக்கங்களை எல்லாம் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: 0.05237. விசாரணையில் தொழிற்சாலையின் வக்கீல் எழுந்து, ரொம்ப மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இந்தக் கடைசி மூணும் ஏழும் நீங்க பாத்ததா, போட்டதா?"

முள்ளில் மூன்றும் தெரியாது, ஏழும் தெரியாது. முள்ளுக்குத் தெரிந்தது ஐந்து. அதற்கு மேல் கொஞ்சம் ஊகம்.  தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறவர் தெரிந்ததை மட்டும் ஒழுங்காக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு வக்கீல் உட்கார்ந்தார். மொத்த அறிக்கையும் குப்பைக்குப் போனது. தொழிற்சாலை தப்பித்தது. அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் ஒவ்வோர் எண்ணையும் பார்த்தாள். இரண்டே விதி. ஒன்று, அரசு வைத்திருக்கிற உச்ச வரம்பில் பொருளுள்ள இலக்கம் எத்தனையோ, அறிக்கையிலும் அத்தனைதான். ஈயத்துக்கு வரம்பு 0.01. முன்னால் நிற்கிற பூஜ்யங்கள் இடம் பிடித்து வைத்திருக்கிற காலி நாற்காலிகள். அவற்றைத் தள்ளிவிட்டால் இருப்பது ஓர் இலக்கம். ஆகவே அறிக்கையிலும் ஓர் இலக்கம். அடுத்த இலக்கம் ஐந்துக்குக் கீழே என்றால் விட்டுவிட வேண்டும், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்று ஏற்ற வேண்டும். இரண்டாவது விதி, ரவுண்டு செய்வதை ஒரே தாவலில் செய்ய வேண்டும். நூற்று நாற்பத்தாறை நூறு நூறாகச் சொன்னால் நூறு. அதை முதலில் நூற்றைம்பது ஆக்கி, 'ஐம்பது இருக்கிறதே' என்று மறுபடி ஏற்றி இருநூறு ஆக்கினால் பச்சைப் பொய். புதிதாக வேலைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தத் தப்பைச் செய்வார்கள். செய்தவர்கள் அந்த மாதம் முழுவதும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் பேருந்து ஓட்டுநர், வாய் ஓயாதவர். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனில் சொல்வார். "அஞ்சுன்னா நாலரையா, அஞ்சே காலா?" என்று கேட்பாள். "கண்டக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். 'கொஞ்ச நாளாக', 'ஏறக்குறைய', 'ரொம்பக் காலமாக' என்கிற வார்த்தைகளே அவள் வாயில் வராது. கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால், "இருபத்தெட்டு வருஷம், நாலு மாசம்" என்பாள். "ஜெயில்ல இருக்கறவங்கதான் இப்படி எண்ணுவாங்க" என்று கணவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுப்பார்.

அவர்கள் குடியிருந்தது நகராட்சியின் நாலாம் லைன் தண்ணீர் வருகிற அடுக்குமாடி ஒன்றில், மூன்றாவது மாடி. மாதம் ஒருமுறை அந்த லைனின் குழாய்களில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு வரும். முடிவை அச்சடித்து ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார்கள். 'ஈயம்: 0.01. வரம்புக்குள் உள்ளது.' கீழே புள்ளியம்மாவின் கையெழுத்து. பால் வாங்கப் போகும்போது தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

ஒருநாள் நாலாம் லைனின் மாதிரி 0.0123 காட்டியது.

அதற்கு முந்தைய மாதங்களில் 0.010-ஐ, ஆய்வகப் பேச்சில் பத்தை, ஒட்டியே நின்ற எண். மறுபடி சுட்டாள், மூன்றாவது முறையும் சுட்டாள். கடைசியில் நின்ற மூன்று கொஞ்சம் ஆடியது, ஆனால் அதற்கு முன்னால் இருந்த இரண்டு ஆடவில்லை, அது உண்மையான இரண்டு. பழைய குழாய்களின் இணைப்புகளில் இருக்கிற ஈயம் கரைய ஆரம்பித்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. விதிப்படி 0.01 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தால், மருமகள் வெட்கமும் சிரிப்புமாகக் கதவைத் திறந்தாள். புள்ளியம்மாவின் கணவர் பின்னால் நின்று, "நீ பாட்டியாகப் போற" என்று அறிவித்துவிட்டார். மகன் வெளியூர் வேலையிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தான். புள்ளியம்மா மருமகளைக் கட்டிக்கொண்டாள். மருமகள் கையில் பாதி குடித்த தம்ளர் தண்ணீர் இருந்தது.

மறுநாளிலிருந்து புள்ளியம்மா ஆய்வகத்திலிருந்து ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் தூக்கி வர ஆரம்பித்தாள். ஆய்வகத்துக்கு வருவது இரண்டாம் லைன், புதுக் குழாய். "குழாய்த் தண்ணில மருந்து வாடை. வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுக்குக் குமட்டும்" என்று வீட்டில் சொன்னாள். கணவர் கேனைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குச் சர்டிபிகேட் குடுக்கற வீட்டுலயே தண்ணி இறக்குமதியா?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். ஊருக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று வசதியாகப் பிரித்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவள் கதையையும் ரவுண்டு செய்து சொன்னதாகிவிடும்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். கடைகளுக்கு வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். அந்த வாரம்தான் பெண் குழந்தை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தாய்ப்பால் போதவில்லை, பால் பவுடர் கலந்துதான் கொடுத்தாள். தையல் மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டே மடியில் புட்டிப்பால் கொடுக்கிற வித்தையை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். "அக்கா, கொஞ்சம் இவளைப் புடிங்களேன், ரெண்டு சட்டைக்குக் காஜா எடுத்துட்டு வந்துடறேன்" என்று கதவைத் தட்டுவாள். குழந்தை புள்ளியம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கும். கேனைப் பார்த்து ஒருமுறை, "என்னக்கா, தண்ணி சுமக்கறீங்க?" என்று கேட்டாள். மருமகள், வாந்தி, வாடை என்று அதே பதில்தான் அவளுக்கும்.

அடுத்த மாதங்களில் 0.0129 வந்தது, பிறகு 0.0134, பிறகு 0.0138, பிறகு 0.0142. அறிக்கையில் 0.01, 0.01, 0.01, 0.01. எண் படியேறிக்கொண்டே இருந்தது, காகிதம் அசையவே இல்லை. ஊசி போகிற இடம் பார்ப்பவர்கள் உலக்கை போகிற இடம் பார்ப்பதில்லை என்பார்கள். முப்பத்தொரு வருடம் ஊசியைப் பார்த்த பெருமையில் இருந்தவளுக்கு இப்போது உலக்கை தெரிந்தது. இரவில் தூக்கம் கலைந்து, பதினாலு, பதினாலு என்று மனசுக்குள் ஓடியது.

0.0142 வந்த மாதம் அறிக்கையில் அதை அப்படியே எழுதி மேலாளரிடம் நீட்டினாள். அவர் அவளைவிட எட்டு வயது சின்னவர், அவளிடம் வேலை பழகியவர், கெட்டவர் இல்லை. காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மேடம், வரம்புல ஒரு இலக்கம். நீங்க மூணு போட்டிருக்கீங்க."

"மூணும் பாத்தது சார். போட்டதில்ல."

"இந்த விதியை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"விதி சரிதான். ஆனா மாசா மாசம் ஏறுது சார். ஏறுறது விதிக்குத் தெரியல."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "நாலாம் லைனை மூடினா நாப்பது கட்டடம். தோண்டிக் குழாயை மாத்தணும். மேல இருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அளவு தாண்டிச்சா இல்லையா. ரவுண்டு பண்ணா தாண்டல, பண்ணாட்டி தாண்டிச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. அதுக்கு மேல, உங்க வீடு எந்த லைன்ல இருக்குன்னும் கேப்பாங்க. சொந்த வீட்டுக்காக எழுதினாங்கன்னு ஒரே வார்த்தைல உங்களை முடிச்சுடுவாங்க."

"அப்போ?"

"பதினஞ்சைத் தொட்டா தானா ரெண்டாகும். நானே மூடச் சொல்றேன். அதுவரைக்கும் வரம்புக்குள்ளதான்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் அவளை அறுத்தது. மறுபடி 0.01 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை மாதமாகக் கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்வி முதலில் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தாள். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தையல்காரப் பெண் பலகை முன்னால் குழந்தையோடு நின்றாள்.

"நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களான்னு மட்டும் பாப்பேன் அக்கா. நம்பரெல்லாம் எனக்கு எங்க புரியுது! எங்க வீட்டுக்காரர் காசு குடுத்துக் கேன் தண்ணி வாங்கலாம்னார். எதுக்குங்க, எதிர்வீட்டு அக்காவே பாத்துக் கையெழுத்து போட்டிருக்காங்க, அதைவிடவான்னு கேட்டேன். ஆனாலும் நான் சும்மா குடுக்கறதில்ல. நல்லாக் கொதிக்க விட்டு, பாதியா வத்தினப்புறம்தான் ஆறவெச்சு பவுடர் கலப்பேன்."

புள்ளியம்மா பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். தண்ணீர் பாதியாக வற்றினால் தண்ணீர்தான் போகும். ஈயம் எங்கும் போகாது, மிச்சத்தில் இரண்டு பங்காக நிற்கும். 0.0142 இரண்டு பங்கானால் 0.0284. எந்த விதியில் போட்டு எப்படி ரவுண்டு செய்தாலும் 0.03. கணக்கு தானாகவே மனசுக்குள் போய் முடிந்தது. குழந்தை அவள் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டியது.

"ரொம்ப வத்த விடாதம்மா" என்றாள். "தண்ணியோட சத்து போயிடும்."

"அப்படியாக்கா? சரி, இனிமே லேசாக் கொதிக்க வெக்கறேன்."

லிஃப்டில் இறங்கும்போது தன் வாயைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான்.

அந்த வாரக் கடைசியில் அடுத்த மாதிரி வந்தது. மூன்று முறை சுட்டாள்: 0.0146, 0.0145, 0.0147. சராசரி 0.0146. கருவியின் மின்விசிறி அடங்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினைந்தைத் தொட இன்னும் துளியூண்டு. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் தானாகத் தொட்டுவிடும். தொடாமலும் போகலாம். ஒரு மாதத்துக்கு எத்தனை புட்டி? ஒரு நாளைக்கு ஆறு என்றால் நூற்றெண்பது.

பதிவேட்டைத் திறந்தாள். முதல் கட்டத்தில் 0.0146 என்று எழுதினாள். வழக்கமாக அடுத்த கட்டம் முடிவு. இந்த முறை ஓரத்தில், புதிதாக வந்தவர்கள் எழுதுவார்களே அதே மாதிரி, 0.015 என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டாள். அம்புக்குறியின் முனையில் 0.02 என்று எழுதினாள். முப்பத்தொரு வருடம் அடுத்தவர்களைக் கரித்துக்கொட்டிய அதே தப்பு.  அதன் கீழேயே கையெழுத்தும் போட்டாள்.

மேலாளர் அன்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அறிக்கை நேராக அச்சுக்குப் போனது. மறுநாள் நாலாம் லைனை மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. நாற்பது கட்டடத்து ஆட்களும் குடத்தோடும் வாளியோடும் வரிசையில் நின்று நகராட்சியைத் திட்டினார்கள். புள்ளியம்மாவும் வரிசையில் நின்றாள். எதிர்வீட்டுக்காரியின் குடத்தையும் சேர்த்துத் தூக்கி வந்தாள். அடுத்த பன்னிரண்டு இரவும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள், தரம் சரிபார்க்கிறவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். அம்புக்குறி அப்பட்டமாகத் தெரிந்தது. மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக் கதவைச் சாத்தினார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்களா மேடம் இது?"

அவள் அம்புக்குறியின் மேல் விரலை வைத்தாள்.

"புதுசா சேந்த பொண்ணுகூட இப்ப இதைச் செய்யாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு பதில் சொல்லுங்க. கவனக்குறைவுன்னா கையெழுத்து அதிகாரம் மட்டும் போகும். தெரிஞ்சே போட்டதுன்னா அது வேற. அறிக்கையைத் திரிச்சதுன்னு ஆகும், வேலையே போகும். இது எப்படி நடந்துச்சு?"

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை அவளே சொல்லிவிடக் கூடாதே என்ற தவிப்பும் அவர் முகத்தில் இருந்தது. புள்ளியம்மா தன் கையெழுத்தைப் பார்த்தாள். வேலை போனால் வீடு ஓடாது, கணவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், மருமகளுக்கு இன்னும் ஐந்தாறு வாரத்தில் பிரசவம். எல்லாம் ஒரே கணத்தில் வந்து மோதியது.

"கவனிக்கல சார்" என்றாள். "ரெண்டு தடவை ரவுண்டு பண்ணிட்டேன்."

சொல்லும்போது அழுகை வந்தது. தெரிந்தே போட்ட கணக்கைக் கவனக்குறைவு என்று சொல்வது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அந்த ஒரு பெருமையைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

அன்று மத்தியானத்துக்குள் விஷயம் இரண்டு மாடிக்கும் பரவிவிட்டது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்று குடுவை கழுவுகிறவர் ஆறுதல் சொன்னார். அவளிடம் ஒருகாலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் சாப்பாட்டு மேஜையில் சத்தம் வராமல் சிரித்தார்கள். அவளுக்கு மாதிரி பாட்டில்கள் இறங்கும் ஜன்னலில் வேலை கொடுத்தார்கள். பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுகிற வேலை.

அந்த லைனில் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசி, மறுபடி மாதிரி எடுத்தார்கள். 0.0144 என்று கேள்விப்பட்டாள். பன்னிரண்டு நாள் லாரித் தண்ணீருக்கு மேல் ஒன்றும் மாறவில்லை. பலகையில் புதுக் காகிதம் வந்தது: 'முந்தைய அறிக்கையில் கணக்குப் பிழை ஏற்பட்டது. ஈயம்: 0.01. வரம்புக்குள் உள்ளது.' கீழே வேறு ஒருவரின் கையெழுத்து.

அதைப் பார்த்த மாலை அவள் கேனோடு படியேறி வந்தாள். லிஃப்டில் போனால் நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. தையல்காரப் பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்து மடியில் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா, உள்ள வாங்க. கேள்விப்பட்டேன்." அவள் குரலில் உண்மையான பாசம் இருந்தது. "அதுக்குப் போய் முகத்தை இப்படி வெச்சுக்குவாங்களா? எனக்கெல்லாம் அளவு தப்பி எத்தனை துணி வீணாப் போயிருக்கு. தப்பு செய்யாத ஆளு யாருக்கா? தண்ணி நல்லாத்தான் இருக்காமே. லாரிக்கு அலையறது மிச்சம், காலையிலேயே குழாயைத் திறந்துட்டேன்."

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. புட்டியில் பால் மூன்று விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. புள்ளியம்மா கேனைக் கீழே வைத்தாள்.

"அதைக் குடுக்காதம்மா."

"என்னக்கா?"

"அந்தப் பாலைக் குடுக்காத. எடுத்துடு." வார்த்தைகள் தட்டுத்தடுமாறி வந்தன. "நான் கணக்குத் தப்பா போடல. தெரிஞ்சே போட்டேன். தண்ணியை மூடணும்னு போட்டேன். பலகைல இருக்கற ஒண்ணு உண்மைல ஒண்ணு இல்ல, ஒண்ணு புள்ளி நாலு நாலு. ஒண்ணரைக்குக் கீழ இருந்தா ஒண்ணுன்னு எழுதலாம்னு விதி. ஈயம் சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாது. கொதிக்க வெச்சா போகாது, வத்த வத்த அதிகமாகும். இவ்வளவுக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனா குடுக்காத."

தையல்காரப் பெண் புட்டியை எடுத்தாள். குழந்தை வாயைத் தேடி, கிடைக்காமல், முகம் சுருங்கி அழ ஆரம்பித்தது. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"இது மருமகளுக்கா?"

"ஆமா."

"வாடைக்காக இல்ல."

"இல்ல."

மெஷின் சக்கரத்தில் வைத்திருந்த அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. குழந்தையின் அழுகை கூடியது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

கொஞ்ச நாளாக என்று சொல்லியிருக்கலாம். சில மாதமாக என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கேட்டவளும் அதற்கு மேல் தோண்டியிருக்க மாட்டாள். புள்ளியம்மாவுக்கு ஜன்னலில் தேதி எழுதி ஒட்டுகிற வேலை நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தேதி தெரியும்.

"அஞ்சு மாசம், இருபத்திமூணு நாள்."

தையல்காரப் பெண் விரல் விட்டு எண்ணவில்லை. குழந்தைக்கு முந்தாநாள்தான் ஆறு மாதம் முடிந்திருந்தது. அவள் அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். கொதித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள், புட்டிப்பாலையும் கொட்டினாள், கொட்டிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். காலிப் புட்டியோடு திரும்பி வந்து புள்ளியம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"ஊத்துங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

புள்ளியம்மா தரையில் உட்கார்ந்து கேனின் மூடியைத் திருகினாள். புட்டியை வாங்கி முதலில் அந்தத் தண்ணீரால் அலசினாள், பிறகு கழுத்துவரை நிரப்பினாள். எதிரே தன் வீட்டுக் கதவு திறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற மருமகள், "என்ன அத்தை, புள்ள ஏன் இப்படி அழுது?" என்று கேட்டாள்.